போர் மறுநிகழ்த்தல் குழுக்கள்: 20 பேர் நிற்கும் வரிசை எப்படி ரெஜிமென்ட் ஆகும்?

கரிசல்மண் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக வர்ஜீனியாவில் குடியிருக்கிறேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் சண்டைகளை, அந்தக் காலத்து உடையோடும் துப்பாக்கியோடும் மீண்டும் நடத்திக்காட்டும் குழுக்கள் இந்தப் பகுதியில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் சேரலாம் என்று எண்ணி, கொஞ்ச காலமாக அவர்களுடைய முகாம்களுக்குச் சென்று பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு குழப்பம் வலுத்துக்கொண்டே போகிறது.

ஒரு குழு தன்னை இன்ன ரெஜிமென்ட் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. வரிசையில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்களோ 20 பேரைத் தாண்டுவதில்லை. அந்த 20 பேருக்கு ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்ட்கள், மூன்று நான்கு சார்ஜென்ட்கள். சற்றுத் தள்ளிக் குதிரைமீது ஒரு கர்னலும் அவருடைய உதவியாளர்களும் நிற்கிறார்கள். உண்மையான போரில் ஒரு கம்பெனியில் எத்தனை பேர் இருந்தார்கள், இன்றைய குழு எத்தனை பேர் இருந்தால் தன்னைக் கம்பெனி என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தப் பதவிகளை யார் தருகிறார்கள், ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கும் குழுக்கள் நிகழ்ச்சி நாளில் எப்படி ஒரே படையாக நிற்கின்றன என்பவையே என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சஸ்குவெஹானா கரை எழுதியது:

நான் பென்சில்வேனியாவில் வட தரப்புக் காலாட்படைக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கேள்வி எங்கள் முகாம்களிலும் இரவு நெடுநேரம் விவாதிக்கப்படுவதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

காகிதக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1861 மே மாதம் தொண்டர் ரெஜிமென்ட்களுக்காக வாஷிங்டனில் போர்த்துறை வகுத்த அமைப்பின்படி, ஒரு காலாட்படைக் கம்பெனியில் குறைந்தது 83 பேரும் அதிகபட்சம் 101 பேரும் இருக்க வேண்டும். ஒரு கேப்டன், முதல் லெப்டினன்ட், இரண்டாம் லெப்டினன்ட், ஒரு முதல் சார்ஜென்ட், 4 சார்ஜென்ட்கள், 8 கார்ப்பரல்கள், 2 இசைஞர்கள், ஒரு வண்டியோட்டி ஆகியோர் போக, மீதமுள்ள 64 முதல் 82 பேர் சாதாரணச் சிப்பாய்கள். இப்படிப் பத்துக் கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட், அதாவது ஏறத்தாழ 1,000 பேர்.

போர்க்களத்தில் அந்தக் கணக்கு ஓராண்டுகூட நிற்கவில்லை. குண்டடிபட்டு இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் டைஃபாய்டிலும் பிற நோய்களிலும் இறந்தவர்களே அதிகம். போதாக்குறைக்கு, பெரும்பாலான வட மாநிலங்கள் தேய்ந்துபோன பழைய ரெஜிமென்ட்களுக்கு ஆள் அனுப்பி நிரப்புவதைவிடப் புதிய ரெஜிமென்ட்களைத் திரட்டுவதிலேயே ஆர்வம் காட்டின. புதிய ரெஜிமென்ட் என்றால் புதிய அதிகாரிப் பதவிகள் கிடைக்கும், அவற்றைக் கொடுக்கும் அதிகாரம் ஆளுநர் கையில் இருந்தது. அதனால் 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மோதியபோது, மெயின் மாநிலத்திலிருந்து வந்த புகழ்பெற்ற 20ஆம் மெயின் ரெஜிமென்ட்டில் 400 பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். ஜூலை 2 மாலையில் பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த எதிரியின் பிரிகேட் ஒன்றைத் தடுக்க ஓடிய 1ஆம் மினசோட்டா ரெஜிமென்ட்டின் எண்ணிக்கை 262 என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. 300 பேர் கொண்ட ரெஜிமென்ட்டைப் பத்துக் கம்பெனிகளாகப் பிரித்தால் கம்பெனிக்கு 30 பேர்தான் தேறுவார்கள்.

ஆகவே 25 அல்லது 30 பேர் கொண்ட குழு தன்னைக் கம்பெனி என்று சொல்லிக்கொள்வதில் பிழை ஏதும் காணேன். 1863ஆம் ஆண்டின் உண்மைக்கு அது 100 பேரைவிட நெருக்கமானது. எனக்கு உறுத்துவது அந்த 30 பேருக்கு மேலே ஏறி நிற்கும் பதவிகளின் எண்ணிக்கைதான். போரில் ஆள் குறைந்தபோது அதிகாரிகளும் சேர்ந்தே குறைந்தார்கள். லெப்டினன்ட் ஒருவரும் சில சமயம் சார்ஜென்ட் ஒருவரும்கூடக் கம்பெனியை நடத்தியிருக்கிறார்கள். நாம் ஆளைக் குறைத்துவிட்டு அதிகாரிகளை மட்டும் 1861ஆம் ஆண்டுக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம்.

இது களத்தில் எப்படித் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். அக்காலத்துப் பயிற்சி நூல்களின்படி கம்பெனி இரண்டு வரிசைகளாக, முழங்கை முழங்கையைத் தொட நிற்கும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்ற இணைக்கு ஏறக்குறைய 2 அடி அகலம் வேண்டும். 80 பேர் நின்றால் 40 இணைகள், 80 அடி நீளம். 20 பேர் நின்றால் 20 அடி. ஒரு லாரியின் நீளம்கூட இல்லை. கேப்டன் முன்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பார். அவருக்கு நேர் பின்னால், பின்வரிசையில் முதல் சார்ஜென்ட். லெப்டினன்ட்களும் மற்ற சார்ஜென்ட்களும் இரண்டு தப்படி பின்னால் நின்று வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வார்கள். கார்ப்பரல்கள் துப்பாக்கியோடு வரிசைக்குள்ளேயே இருப்பார்கள். இப்போது நீங்கள் பார்த்த குழுவை இந்தச் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். 20 அடி வரிசைக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றால் அது கம்பெனியாகத் தோன்றாது, காவலர் சூழ்ந்த கைதிகள் கூட்டமாகத் தோன்றும்.

நிகழ்ச்சி நாளில் நடப்பது இதுதான். ஒவ்வொரு குழுவின் முதல் சார்ஜென்ட்டும் காலையில் பெயர் கூப்பிட்டு, எத்தனை துப்பாக்கிகள் வரிசைக்கு வரும் என்ற எண்ணிக்கையைப் பட்டாலியனின் அட்ஜுடன்ட்டிடம், அதாவது தளபதியின் நிர்வாக உதவி அதிகாரியிடம், கொடுப்பார். பட்டாலியன் என்று நாங்கள் சொல்வது பல குழுக்கள் ஆண்டு முழுவதற்குமாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டமைப்பு. அட்ஜுடன்ட் சிறிய குழுக்களை ஒன்றோடொன்று இணைத்து, எல்லாக் கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் அமையுமாறு ஆட்களை மாற்றி நிறுத்துவார். கம்பெனிகளைச் சமப்படுத்தும் இந்த வழக்கம் அந்தப் போரிலேயே இருந்தது. வரிசையிலிருந்து அணிவகுப்புக்குத் திரும்பும்போது ஒவ்வொரு கம்பெனியும் சம அளவில் இல்லாவிட்டால், ஒன்றின் வால் மற்றொன்றின் தலையில் இடிக்கும். நல்ல அட்ஜுடன்ட் கிடைத்த பட்டாலியன் 200 பேரோடு களமிறங்கினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு ரெஜிமென்ட்டாகவே நிற்கும்.

நெருப்புத்திரி எழுதியது:

காலாட்படையைப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. பீரங்கிப்படையில் நிலைமை வேறு, ஏனென்றால் இங்கே ஆள் எண்ணிக்கை பாதுகாப்போடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு பீரங்கிக்கு, குறிபார்த்துக் கட்டளையிடும் ஒரு கன்னரும் எண் இடப்பட்ட ஏழு பேரும் தேவை. முதல் எண் ஈரப் பஞ்சுக்கோலால் குழாயைத் துடைத்து, வெடிமருந்துப் பொதியை உள்ளே தள்ளுவார். இரண்டாம் எண் பொதியைக் குழாய் வாயில் வைப்பார். மூன்றாம் எண் தோல் உறை மாட்டிய கட்டைவிரலால், குழாயின் பின்புறத்துத் தீத்துளையை இறுக மூடியிருப்பார். நான்காம் எண் தீக்குச்சிபோல் உரசிப் பற்றும் பித்தளைக் குழலைத் துளையில் செருகிக் கயிற்றை இழுப்பார். ஐந்தாம் எண் பெட்டியிலிருந்து பொதியைத் தூக்கிவர, ஆறும் ஏழும் பெட்டியைக் காப்பார்கள். முந்தைய வெடியின் தணல் துணுக்கு ஒன்று குழாய்க்குள் கிடந்து, மூன்றாம் எண்ணின் விரலும் துளையிலிருந்து நழுவிவிட்டால், உள்ளே புகும் காற்றில் அது கனன்று, தள்ளிக்கொண்டிருப்பவரின் கையிலேயே மருந்து வெடித்துவிடும். இந்த ஆபத்தில் பொம்மை எதுவும் இல்லை. குண்டு மட்டும்தான் இல்லை, மருந்து உண்மையானது.

அக்காலக் கையேடுகளில் ஆட்கள் விழ விழ மீதமுள்ளவர்கள் இரண்டு மூன்று எண்களின் வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற அட்டவணையே உண்டு. ஆனால் அது போர்க்காலத்துக் கட்டாயம். எங்கள் குழுவில் ஆள் போதாவிட்டால் பீரங்கியைப் பார்வைக்கு மட்டும் நிறுத்துவோம், சுட மாட்டோம்.

பெயர் விஷயத்தில் நாங்களும் தாராளமாகத்தான் இருக்கிறோம். வட தரப்பில் 6 பீரங்கிகளும் தென் தரப்பில் பெரும்பாலும் 4 பீரங்கிகளும் சேர்ந்ததே பேட்டரி; இரண்டு பீரங்கிகள் ஒரு லெப்டினன்ட்டின் கீழ் ஒரு செக்ஷன். ஆறு பீரங்கிப் பேட்டரிக்கு 100க்கும் மேற்பட்ட ஆட்களும் அதே அளவுக்குக் குதிரைகளும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பீரங்கியையும் ஆறு குதிரைகள் இழுத்தன. இன்று ஒற்றைப் பீரங்கியைப் பிக்கப் லாரியின் பின்னால் கட்டி இழுத்துவரும் குழுவும் பேட்டரி என்றே பெயர் வைத்திருக்கிறது. அதை நடத்துபவர் கேப்டன் என்று அழைத்துக்கொள்ளாமல், ஒற்றைப் பீரங்கிக்கு உரிய சார்ஜென்ட்டாக நின்றால் எனக்கு மனநிறைவாக இருக்கும். சில இடங்களில் அப்படி நிற்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

டிரென்ட்நதி எழுதியது:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே நடந்த 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடத்திக்காட்டும் சங்கங்களில் மூத்தது, பிரிகேடியர் பீட்டர் யங் 1968இல் தொடங்கிய சீல்டு நாட். அமைப்பின் அடிப்படை அலகையே இங்கே ரெஜிமென்ட் என்று அழைக்கிறோம். சிலவற்றில் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 1645இல் பாராளுமன்றம் திரட்டிய நியூ மாடல் ஆர்மியில் காலாட்படை ரெஜிமென்ட் என்றால் 1,200 பேர். கர்னலின் கம்பெனியில் 200, லெப்டினன்ட் கர்னலின் கம்பெனியில் 160, மேஜரின் கம்பெனியில் 140, ஏழு கேப்டன்களின் கம்பெனிகளில் தலா 100. பதவி உயர உயரக் கம்பெனியும் பெரிதாகும். அந்த 1,200 பேரில் இரண்டு துப்பாக்கிக்காரருக்கு ஒரு ஈட்டிக்காரர் என்பது விகிதம்.

அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதுதான் எங்களுக்கு உண்மையான சோதனை. 16 அடி ஈட்டியை ஏந்தி நிற்கும் கூட்டம் அடர்த்தியாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. எட்டுப் பேர் ஈட்டியோடு நின்றால் காற்றில் ஆடும் மூங்கில்போலத் தெரிகிறதே ஒழியச் சுவராகத் தெரிவதில்லை. துப்பாக்கிக்காரர்களுக்கோ எரியும் திரி கையில் இருப்பதால், ஒருவருக்கொருவர் மருந்தில் பொறி விழாத தூரம் வேண்டும். ஆகவே பல ரெஜிமென்ட்களின் ஈட்டிக்காரர்களை ஒரே அணியாகவும் துப்பாக்கிக்காரர்களைத் தனி அணியாகவும் பிரித்து நிறுத்துகிறோம். ரெஜிமென்ட்களைச் சேர்த்த பிரிவுக்கு அந்தக் காலத்துப் பெயரான டெர்ஷியா என்பதையே வைத்திருக்கிறோம். 1644 ஜனவரி 25இல் நடந்த நான்ட்விச் சண்டையை ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த ஊரிலேயே நடத்துகிறோம். ஊருக்குள் அணிவகுத்துப் போகும்போது ரெஜிமென்ட் கொடிகள் தனித்தனியே பறக்கும், களத்தில் இறங்கியதும் எல்லாம் கலந்துவிடும். அமெரிக்கக் குழுக்களும் அணிவகுப்பில் தங்கள் பெயரையும் சண்டையில் பட்டாலியனையும் முன்னிறுத்தினால் பாதிச் சிக்கல் தீரும் என்று நம்புகிறேன்.

ஷெனாண்டோவா எழுதியது:

மேலே எழுதியவர்களின் அறிவை மதிக்கிறேன். ஆயினும் ஆட்களை எண்ணிச் சமப்படுத்தும் பேச்சில், குழு எதனால் உயிரோடு இருக்கிறது என்பது விடுபட்டுப்போகிறது என்று கருதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கம்பெனி என்பது ஓர் ஊர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், அண்ணன் தம்பிகள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள். லெக்ஸிங்டன் நகரத்து வாஷிங்டன் கல்லூரி மாணவர்கள் திரண்டு உருவான லிபர்ட்டி ஹால் வாலண்டியர்ஸ் அணிதான் 4ஆம் வர்ஜீனியா ரெஜிமென்ட்டின் ‘I’ என்ற எழுத்துக் கம்பெனி ஆயிற்று. இன்றைய குழுக்களும் தங்கள் மாவட்டத்திலிருந்து போன கம்பெனியின் பெயரையே எடுத்துக்கொள்கின்றன. அவர்களில் சிலர் அந்தக் கம்பெனிச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவதும், கல்லறைகளைச் சுத்தம் செய்வதும், உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு உதவுவதும் அந்தச் சிறிய குழுவே. காலை எட்டு மணிக்கு ஓர் அட்ஜுடன்ட் வந்து, 12 பேர் இங்கே, 8 பேர் அங்கே என்று பிரித்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

பதவிகளைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கத்தில் தொண்டர் கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. தென் தரப்பில் 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தபோதும், பழைய ரெஜிமென்ட்கள் மறுபடி தேர்தல் நடத்தி அதிகாரிகளை மாற்றிக்கொண்டன. இன்று எங்கள் குழுக்கள் தேர்தல் வைத்து கேப்டனைத் தெரிவு செய்வது அந்த மரபின் தொடர்ச்சி. இதற்கு அப்பால் லாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவு செய்து, தலைவர், செயலர், பொருளாளர் என்று இன்னோர் அமைப்பும் வைத்திருக்கிறோம். சந்தா, காப்பீடு, நில உரிமையாளரோடு ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சங்கத்தின் தலைவர் களத்தில் சாதாரணச் சிப்பாயாக நிற்பதும், பொருளாளருக்குக் கேப்டன் கணக்குக் கொடுப்பதும் சாதாரணமாக நடப்பவை.

சஸ்குவெஹானா கரை எழுதியது:

ஷெனாண்டோவா சொன்ன ஊர்ப்பற்றை நான் மறுக்கவில்லை. சமப்படுத்தும்போது ஒரு குழுவைத் துண்டாக்காமல், இரண்டு முழுக் குழுக்களை ஒரே கம்பெனியின் இரண்டு பிளாட்டூன்களாக, அதாவது இரண்டு பாதிகளாக, நிறுத்த முடியும். கூட இருப்பவர்களும் பிரியமாட்டார்கள், வரிசையும் 40 அடிக்கு நீளும். அந்த இரண்டு குழுக்களின் கேப்டன்களில் ஒருவர் சனிக்கிழமையும் மற்றவர் ஞாயிற்றுக்கிழமையும் கட்டளையிட, மற்ற நாளில் அவர் லெப்டினன்ட்டாகவோ துப்பாக்கியோடோ நிற்கட்டும். எங்கள் பட்டாலியனில் இப்படித்தான் செய்கிறோம். தோளிலுள்ள பதவிச் சின்னத்தைக் கழற்ற மறுப்பவர்கள் எப்போதும் ஒரு சிலர் உண்டு, பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறார்கள்.

தேர்தல் மரபைப் பற்றிச் சொன்னீர்கள். 1861 ஜூலையிலேயே, தொண்டர் அதிகாரிகளின் தகுதியைச் சோதித்துத் தேறாதவர்களை நீக்கும் தேர்வுக் குழுக்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் வழிசெய்தது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். ஊருக்கு வேண்டியவர் நல்ல அதிகாரியாக இருப்பார் என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சண்டை தொடங்குமுன் கேப்டன் வரிசை நெடுகிலும் நடந்து, ஒவ்வொரு துப்பாக்கியிலும் மருந்தைக் கெட்டிக்கும் இரும்புக்கம்பியை உள்ளே விடச் சொல்லுவார். கம்பி அடியில் போய் மோதும்போது கணீரென்று மணியோசை எழுந்தால் குழாய் காலி. மந்தமாக ஒலித்தால் உள்ளே ஏதோ கிடக்கிறது. அதன்பின் அந்தக் கம்பியைச் சண்டை முடியும்வரை தொடக்கூடாது. மருந்தைக் குழாயில் கொட்டுவதோடு சரி, கெட்டிப்பது கிடையாது, சுடும்போது வாயைச் சற்று மேலே தூக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் குழாய் வாயைப் புல்லருகே பிடித்துச் மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்புக் கேப்பை மட்டும் வெடிக்க, புல் அசைந்தால் வழி சுத்தமாக இருக்கிறது என்று பொருள். இந்த ஓசையும் அசைவும் பழகிய காதும் கண்ணும்தான் ஒருவரைக் கேப்டன் ஆக்க வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 15,000க்கும் மேற்பட்டோர் திரண்ட 1998 கெட்டிஸ்பர்க் நிகழ்வின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பெரிய நிகழ்வுகளுக்குப் போகும் குழுவில் சேர்வதா, அல்லது சிறிய களங்களில் மட்டும் நிற்கும் குழுவில் சேர்வதா என்பதே இப்போது என் யோசனை. எதை வைத்து முடிவு செய்யலாம்? இன்னொன்று, உண்மையான போர்க்களத்தை விட்டுவிட்டு ஏன் எப்போதும் பக்கத்துப் பண்ணைகளிலேயே நடத்துகிறார்கள்?

சஸ்குவெஹானா கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. 1961இல் மனாசஸில், முதல் புல் ரன் சண்டையின் நூறாம் ஆண்டு நிகழ்வைப் போர்க்களப் பூங்காவிலேயே நடத்தினார்கள். அதன்பின் தேசியப் பூங்காத் துறை தன் நிலங்களில் இரு தரப்பும் எதிரெதிரே சுட்டுக்கொண்டு, ஆட்கள் விழுவதுபோல் நடிக்கும் நிகழ்வுகளை அனுமதிப்பதில்லை. ஆட்கள் இறந்து புதைந்த மண்ணில் அது தகாது என்ற நிலைப்பாடு எனக்கும் ஏற்புடையதே. முகாம் வாழ்க்கையையும் ஒரே தரப்பின் துப்பாக்கிப் பயிற்சியையும் அங்கே காட்டலாம். சிறிய குழுக்கள் மிக நன்றாக ஒளிர்வதும் அங்கேதான்; 12 பேர் ஒழுங்காகப் பயிற்சி செய்வதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு, வேலிக்கு அப்பால் புகைக்குள் ஓடும் ஆயிரம் பேரைவிட அதிகம் புரியும்.

சேர்வதைப் பொறுத்தவரை, எந்தப் பெரிய நிகழ்வுக்குப் போகிறார்கள் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டாம். பருவம் தொடங்குமுன், பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரலில், குழுக்கள் பயிற்சி நாள் வைக்கும். அங்கே போய், வரிசைக்குள் துப்பாக்கியோடு நிற்பவர்கள் எத்தனை, வெளியே நிற்பவர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். எந்தப் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள், ஆள் குறைந்த நாளில் யாரோடு சேர்ந்து நிற்பார்கள் என்று கேளுங்கள். கடந்த பருவத்தில் கேப்டன் எத்தனை முறை வரிசைக்குள் சிப்பாயாக நின்றார் என்பதையும் தயங்காமல் கேட்கலாம். புதியவருக்கு இரவல் கொடுக்க உடையும் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம், ஏனெனில் 1861 ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது 1853 என்ஃபீல்டு துப்பாக்கியின் இத்தாலிய மறுவார்ப்பும் கம்பளிச் சீருடையும் காலணியும் சேர்ந்தால் பெரிய செலவு. முதல் பருவத்தை இரவல் பொருளோடு ஓட்டிவிட்டு, அதன்பின் வாங்குவதே நல்லது.

நெருப்புத்திரி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பீரங்கி அணியில் சேர விரும்பினால், முதல் நாளிலேயே உங்களைப் பஞ்சுக்கோல் பிடிக்கச் சொல்லும் குழுவுக்குப் போகாதீர்கள். ஐந்தாம் எண்ணிலிருந்து தொடங்கி, எல்லா எண்களையும் ஒரு பருவம் முழுக்கப் பழக்கிய பிறகே முதல் எண்ணில் நிறுத்தும் குழுவைத் தேடுங்கள்.